கோஹா வழங்கல் விதிகள்: கோபி கிளைக்கு ஒரே ஒரு பொது வரி போட்டதும் மற்ற விதிகள் எடுக்கவில்லை

நொய்யல்கரை கேட்டது:

வணக்கமுங்க. கோவை, பொள்ளாச்சி, கோபி என மூன்று வளாகம் உள்ள கல்லூரி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கோஹா (நூலக மென்பொருள்), மூன்று கிளைகளாகப் பதிந்திருக்கிறது. முன்பிருந்த மென்பொருளில் வழங்கல் விதிகள் ஒரே கோப்பில் வரிவரியாக இருந்தன. மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்ளும். அதே வரிசையில்தான் கோஹாவிலும் ஏற்றினோம்.

“எல்லா நூலகங்களுக்கும்” பக்கத்தில் இப்போது இருப்பவை (உறுப்பினர் வகை / நூல் வகை: எத்தனை புத்தகம், எத்தனை நாள்):

யூஜி / பொதுநூல்: 3 புத்தகம், 14 நாள்
பிஜி / பொதுநூல்: 4 புத்தகம், 14 நாள்
ஆசிரியர் / பொதுநூல்: 10 புத்தகம், 90 நாள்
யூஜி / புக் பேங்க்: 5 புத்தகம், 150 நாள்
எல்லாரும் / ரெஃபரன்ஸ்: 0
எல்லாரும் / எல்லாம்: 2, 7 நாள்

கோபியில் மாணவர்களுக்கு மட்டும் 14-க்குப் பதில் 15 நாள் வேண்டும் என்றார்கள். அதனால் கோபி பக்கத்தில் ஒரே வரி சேர்த்தோம்: எல்லாரும் / எல்லாம், 3 புத்தகம், 15 நாள்.

மறுநாளிலிருந்து கோபியில் ஆசிரியருக்கு 90 நாள் வரவில்லை, 15 நாளில் ட்யூ டேட் (திருப்ப வேண்டிய தேதி) விழுகிறது. புக் பேங்க் புத்தகமும் 15 நாள்தான். ரெஃபரன்ஸ் அகராதி ஒன்று வெளியே போயே விட்டது. கோவையிலும் பொள்ளாச்சியிலும் எல்லாம் சரியாக இருக்கிறது. பொது வரி முதலில் படிக்கப்படுகிறதோ என்று எல்லா வரிகளையும் அழித்து, குறிப்பான வரிகளை முதலிலும் பொது வரியைக் கடைசியிலும் ஏற்றிப் பார்த்தோம். மாற்றமில்லை. வரிசையை எங்கே மாற்றுவது?

கூடுதுறை பதில்:

வரிசையை எங்கேயும் மாற்ற முடியாதுங்க, ஏனென்றால் கோஹா வரிசையைப் பார்ப்பதே இல்லை. எந்த வரியை முதலில் ஏற்றினீர்கள், எது திரையில் மேலே தெரிகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. எந்த வரி அதிகக் குறிப்பானதோ அதுதான் எடுபடும். அந்தக் “குறிப்பு” எப்படி அளக்கப்படுகிறது என்பதில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது.

மனதில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் நூலகம் பெயர் சொல்லி இருந்தால் 4 மதிப்பெண். உறுப்பினர் வகை பெயர் சொல்லி இருந்தால் 2. நூல் வகை பெயர் சொல்லி இருந்தால் 1. “எல்லாம்” என்றிருந்தால் அந்த இடத்துக்கு 0. பொருந்துகிற வரிகளில் அதிக மதிப்பெண் உள்ளது வெல்லும். மூன்றும் பெயர் சொல்லி இருந்தால் 7, மூன்றும் பொது என்றால் 0. சமன் வராது. இது விளக்கத்துக்கு நான் போடும் கணக்கு, ஆனால் கோஹா கையேடு சொல்லும் எட்டுப் படிகளும் அச்சாக இதே வரிசைதான்.

இப்போது உங்கள் வரிகளைப் போட்டுப் பாருங்கள். “எல்லா நூலகம் / ஆசிரியர் / பொதுநூல்” 0+2+1, அதாவது 3. நீங்கள் சேர்த்த “கோபி / எல்லாரும் / எல்லாம்” 4. நாலு மூன்றை வென்றுவிட்டது. புக் பேங்க் வரியும் 3, ரெஃபரன்ஸ் வரி வெறும் 1. கோபியில் நீங்கள் போட்ட அந்த ஒற்றை வரி, பொதுப் பக்கத்தில் இருக்கும் எதையும் கோபிக்கு எட்டவிடாமல் மறைத்துவிட்டது. ஒரு கிளையின் பக்கத்தில் எல்லாரும்/எல்லாம் வரி போடுவது, அந்தக் கிளைக்குப் பொதுப் பக்கமே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

உள்ளே நடப்பது இதுதான்: சர்க்குலேஷன்_ரூல்ஸ் என்ற அட்டவணையில் நூலகம், உறுப்பினர் வகை, நூல் வகை என்று மூன்று பத்திகள். “எல்லாம்” என்றால் அங்கே ‘நல்’, அதாவது வெற்று. பொருந்தும் வரிகளை இந்த மூன்று பத்திகளின்படி இறங்குவரிசையில் அடுக்கி முதல் வரியை எடுக்கிறது. இறங்குவரிசையில் ‘நல்’ கடைசிக்குப் போகும். முதலில் அடுக்கப்படுவது நூலகப் பத்தி என்பதால்தான் அதற்கு இத்தனை கனம்.

திருத்தம்: கோபியின் எல்லாரும்/எல்லாம் வரியை அழியுங்கள். பதிலுக்கு இரண்டே வரி:

கோபி / யூஜி / பொதுநூல்: 3, 15 நாள்
கோபி / பிஜி / பொதுநூல்: 4, 15 நாள்

இரண்டும் 7 மதிப்பெண். வேறெதையும் மறைக்காது. “ஒரே வரியில் முடிக்கலாமே” என்று கோபி / எல்லாரும் / பொதுநூல் போட்டுவிடாதீர்கள். அது 5. பொதுப் பக்கத்து ஆசிரியர் வரி 3. ஆசிரியரின் 90 நாள் மறுபடியும் போய்விடும். கோபி / யூஜி / எல்லாம் போட்டாலும் அது 6, புக் பேங்க் 150 நாள் போய்விடும்.

காலிங்கராயன்வாய்க்கால் பதில்:

கூடுதுறை சொன்னது முழுக்கச் சரி. பழைய கோப்பிலிருந்து மாற்றி வந்தவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் கோபி வரியைச் சரி செய்தாலும் இதே நோய் வேறு இடத்தில் தலைகாட்டும்.

மேலிருந்து கீழே படிக்கிற அட்டவணைகளுக்கு அலெஃப் என்ற நூலக மென்பொருள் நல்ல உதாரணம். அதில் # குறிதான் பொது. கிளைக்கு ஐந்து எழுத்து இடம், நூல் நிலைக்கு இரண்டு, உறுப்பினர் நிலைக்கு இரண்டு. ஆகவே இப்படி வரும்:

##### 02 ##
##### ## 03
##### ## ##

02 ரெஃபரன்ஸ், 03 ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ரெஃபரன்ஸ் கேட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடும், வெளியே போகாது. இரண்டாவது வரிக்கு “ரெஃபரன்ஸ் தவிர மற்றவற்றுக்கு” என்ற பொருள் எழுதாமலே கிடைக்கிறது. முதல் இரண்டு வரியை இடம் மாற்றினால் ஆசிரியருக்கு ரெஃபரன்ஸ் போய்விடும். மூன்றாவதை மேலே ஏற்றினால் மற்ற இரண்டும் இருந்தும் இல்லாததுதான். அங்கே வரியின் இடமே விதியின் பாதி.

இந்த மூன்று வரிகளை அப்படியே கோஹாவுக்குக் கொண்டுவந்தால், எல்லாரும் / ரெஃபரன்ஸ் 1, ஆசிரியர் / எல்லாம் 2. பழைய கோப்பில் ஜெயித்த வரி இங்கே தோற்கும். உங்களிடம் இப்போது ஆசிரியர் / பொதுநூல் என்று குறிப்பாக இருப்பதால் தப்பித்தீர்கள். நாளைக்கு யாராவது “ஆசிரியருக்கு சிடியும் 90 நாள் கொடுங்கள்” என்று கேட்டு, நீங்கள் ஆசிரியர் / எல்லாம் என்று வரியைச் சேர்த்தால் அன்றைக்கே மூன்று வளாகத்திலும் ரெஃபரன்ஸ் வெளியே போகும்.

அதனால் ரெஃபரன்ஸை விதி அட்டவணையில் 0 போட்டுக் காப்பதை நான் ஏற்பதில்லை. நூல் வகை அமைப்பில் ரெஃபரன்ஸுக்கு “வழங்குவதற்கில்லை” என்று டிக் செய்யுங்கள். வகைக்குள்ளேயே சில பிரதிகள் மட்டும் என்றால் நூற்பதிவில் பிரதி விவரம் இருக்கும் 952 புலத்தின் 7 உள்புலத்தில் அந்தப் பிரதிக்கு மட்டும் குறியுங்கள். இது எந்த வரி ஜெயிக்கிறது என்பதைச் சார்ந்ததில்லை. கவுண்டரில் இருப்பவர் அதை மீறி வழங்க முடியுமா என்பது தனி அமைப்பு; அதையும் மூடி வையுங்கள்.

பழைய கோப்பை மாற்றும்போது செய்ய வேண்டியது: ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதற்கு மேலே உள்ள எந்தெந்த வரி அதிலிருந்து எதை எடுத்துவிடுகிறது என்று பென்சிலில் எழுதுங்கள். அந்த விலக்குகளில் எவை கோஹாவில் தானாகக் கிடைக்காதோ அவற்றுக்குத் தனி வரி போடுங்கள்.

திரை வழியாக இல்லாமல் எஸ்க்யூஎல் கட்டளை மூலம் தரவுத்தளத்தில் நேரடியாக ஏற்றுவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பழைய கோஹா பதிப்புகளில் இஷ்யூயிங்ரூல்ஸ் அட்டவணையில் * குறிதான் பொது. இப்போதைய அட்டவணையில் ‘நல்’. பழைய குறிப்பைப் பார்த்து * போட்டால் அந்தப் பெயரில் கிளையோ வகையோ இல்லை என்று ஃபாரின் கீ பிழை வரும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். இரண்டாவதுதான் கெட்டது: மூன்று பத்தியும் விதிப் பெயரும் (எத்தனை புத்தகம், எத்தனை நாள், ஃபைன் போன்றவை) சேர்ந்து ஒரே முறைதான் வரலாம் என்று யுனீக் கீ இருக்கிறது, ஆனால் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘நல்’ இருந்தால் அந்தக் காவல் வேலை செய்யாது. ஒரே எல்லாரும்/எல்லாம் விதி இரண்டு முறை சத்தமில்லாமல் உள்ளே போகும். திரையில் எதை மாற்றினீர்கள், எது எடுபடுகிறது என்றே புரியாது. திரை வழியாக ஏற்றுங்கள், அதுதான் பத்திரம்.

நொய்யல்கரை மீண்டும்:

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். அந்த 4, 2, 1 கணக்கை அச்சிட்டு கவுண்டரில் ஒட்டிவிட்டோம். கோபி பொது வரியை அழித்து இரண்டு வரி போட்டோம். ஆசிரியர் 90, புக் பேங்க் 150, மாணவர் 15, எல்லாம் சரி. ரெஃபரன்ஸையும் நூல் வகையிலேயே மூடிவிட்டோம்.

ஆனால் புதிதாக இரண்டு. கோபியில் யூஜி, பிஜி தாமதத்துக்கு ஃபைன் விழவில்லை. நாளுக்கு 1 ரூபாய் பொதுப் பக்கத்தில் இருக்கிறதே, அது வந்துவிடும் என்று கோபி வரிகளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். இன்னொன்று, பொள்ளாச்சி மாணவர் கோவையில் வந்து பொதுநூல் எடுத்தபோது ஒரு புத்தகத்துக்கு 14 நாளும் இன்னொன்றுக்கு 15 நாளும் வந்தது. ஒரே மாணவர், ஒரே கவுண்டர்.

சிறுவாணி பதில்:

முதலில் ஃபைன். காலிக் கட்டம் என்றால் “மேலிருந்து எடுத்துக்கொள்” என்று அர்த்தம் இல்லைங்க. அட்டவணையில் ஒவ்வொரு விதிப் பெயரும் தனித்தனி வரியாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே ஒரு விதி அங்கே இல்லவே இல்லை என்றால் அதற்கு மட்டும் பொதுப் பக்கம் பார்க்கப்படும். ஆனால் திரையில் வரியைச் சேமிக்கும்போது நீங்கள் விட்ட வெற்றிடமும் ஒரு மதிப்பாகவே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஃபைன் கட்டம் காலி என்றால் ஃபைன் இல்லை. அதைவிட ஆபத்து, எத்தனை புத்தகம் என்ற கட்டம் காலியாக இருந்தால் வரம்பே இல்லை. 0 என்றால் ஒன்றும் கிடையாது, காலி என்றால் எத்தனையும் எடுக்கலாம். இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

கோபி வரி இரண்டையும் திறந்து ஃபைன் 1, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற இடைவெளிக் கட்டத்தில் 1 என்று நிரப்புங்கள். இடைவெளி காலியாக இருந்தால் தொகை இருந்தும் ஃபைன் ஏறாது. இரவில் ஓடும் ஃபைன் நிரல் அன்றைக்கு இருக்கும் விதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஆகவே இன்னும் திரும்பாத தாமதப் புத்தகங்களுக்கு, நீங்கள் திருத்திய அன்று இரவே மொத்தத் தாமதத்துக்கும் சேர்த்துத் தொகை ஏறும். மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஒரே இரவில் 12 ரூபாய் ஏறினால் கவுண்டரில் வந்து நிற்பார்கள்.

ட்யூ டேட் அப்படி இல்லை. வழங்கிய நொடியில் எழுதப்பட்டது அப்படியே இருக்கும். தவறான வரி இருந்த நாட்களில் கோபி ஆசிரியர்கள் எடுத்த புத்தகங்கள் இன்னும் 15 நாளில்தான் நிற்கும். அவற்றை டூல்ஸ் பகுதியில் ட்யூ டேட்டை மொத்தமாக நீட்டும் கருவியில், ஆசிரியர் வகையையும் கோபியையும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். முன்னோட்டம் காட்டும், பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள்.

அடுத்தது 14, 15 விவகாரம். “நூலகம்” என்று விதியில் இருப்பது எந்த நூலகம் என்பதை சர்க்கன்ட்ரோல் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. மூன்று வழி: நீங்கள் உள்நுழைந்திருக்கும் கிளை, உறுப்பினரின் கிளை, புத்தகத்தின் கிளை. நிறுவும்போதே இருப்பது புத்தகத்தின் கிளை. அந்த 15 நாள் புத்தகம் கோபிக்குச் சொந்தமானதாக இருக்கும், கோவைக்கு வந்த பிரதியாக இருக்கலாம். பிரதியின் சொந்தக் கிளையைப் பாருங்கள். பிழை எதுவும் இல்லை, சொன்னபடிதான் நடந்திருக்கிறது. “கோபி மாணவருக்கு 15 நாள்” என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் உறுப்பினரின் கிளை என்று மாற்ற வேண்டும். “கோபி புத்தகத்துக்கு 15 நாள்” என்றால் இப்போது இருப்பதே சரி. இதை முதல்வரிடமோ நூலகக் குழுவிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் இதற்குப் பதில் சொல்லாது.

இதே வகையில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நூல் வகையை எங்கிருந்து எடுக்கிறது. ஐட்டம்-லெவல்_ஐடைப்ஸ் என்ற அமைப்பு பிரதி என்று இருந்தால் 952-இன் ஒய் உள்புலம், நூற்பதிவு என்று இருந்தால் 942-இன் சி உள்புலம். ஒரே தலைப்பில் இரண்டு பிரதி புக் பேங்க், மூன்று பிரதி பொதுநூல் என்று வைத்திருப்பவர்களுக்குப் பிரதி என்பதுதான் ஒத்துவரும்.

காங்கயம்_மேடு பதில்:

இத்தனை கணக்கு எதற்கு? மூன்று கிளை, நாலு உறுப்பினர் வகை, நாலு நூல் வகை என்றால் 48 வரி. எல்லாவற்றையும் பெயர் சொல்லியே போட்டுவிட்டால் எல்லாம் 7. எதுவும் எதையும் மறைக்காது. ஒரு நாள் வேலை.

கூடுதுறை பதில்:

நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறதுங்க, பார்க்கிறவருக்குத் தெளிவாக இருக்கும். ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபைனை 1-லிருந்து 2 ஆக்கினால் 48 இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போகும். புதிதாகப் பத்திரிகைத் தொகுப்பு என்று ஒரு நூல் வகை சேர்த்தால் 12 வரி உடனே வேண்டும், அதுவரை எந்த வரியும் பொருந்தாது. எல்லா நூலகம் / எல்லாரும் / எல்லாம் என்ற அந்த 0 மதிப்பெண் வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கோஹா கையேடே சொல்கிறது. அது இல்லாவிட்டால் ரிசர்வ் செய்வதே சிலருக்குத் தடைபடும். அதில் கறாரான மதிப்பு வையுங்கள், இவர்கள் வைத்திருக்கும் 2, 7 நாள் நல்ல அளவு.

பெயர் சொல்லிக் கிளை வரி போடுவதில் இன்னொரு விளைவும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பொதுப் பக்கத்து வரி எடுபடும்போது அந்த மாணவர் மூன்று வளாகத்திலும் வைத்திருக்கும் பொதுநூல்களை எண்ணும். கோபி வரி எடுபடும்போது, சர்க்கன்ட்ரோல் புத்தகத்தின் கிளை என்றிருந்தால், கோபிப் புத்தகங்களை மட்டும் எண்ணும். ஆகவே ஒரு யூஜி மாணவர் கோவைப் புத்தகம் 3 எடுத்துவிட்டு அப்புறம் கோபிப் புத்தகம் 3 எடுக்கலாம். மொத்தம் 6. நொய்யல்கரையின் இரண்டு வரிக்கே இது நடக்கும். 48 வரி போட்டால் மூன்று கிளையிலும் தலா மூன்று என்று 9 ஆகிவிடும்.

நூல் வகையிலும் அப்படித்தான். பொதுநூல் 3, புக் பேங்க் 5, இரண்டிலும் சேராத சிடிக்குப் பொது வரியின் 2. பொது வரி எடுபடும்போது, தனி வரி உள்ள வகைகளை அது எண்ணுவதில்லை. மூன்றும் தனித்தனிக் கணக்கு, கூட்டினால் 10. “மொத்தமே 8தான்” என்பது உங்கள் விதி என்றால், அதே பக்கத்தில் கீழே உறுப்பினர் வகைக்கு மொத்த வழங்கல் வரம்பு என்று தனிச் சிறு அட்டவணை இருக்கிறது. அதில் யூஜிக்கு 8 போடுங்கள். எல்லா நூலகங்களுக்கும் என்ற பக்கத்தில் போடுங்கள், கிளைப் பக்கத்தில் வேண்டாம்.

அந்த 48-ஐ வரியாகப் போடாமல் சோதனைத் தாளாக வைத்துக்கொள்வது நல்ல யோசனை. ஒரு விரிதாளில் 48 கட்டம், ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கும் நாள், எந்த வரி எடுபட வேண்டும், அதன் மதிப்பெண். ஒவ்வொரு உறுப்பினர் வகைக்கும் ஒரு சோதனை அட்டை, ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு நூல் வகைக்கும் ஒரு சோதனைப் பிரதி. வழங்கிப் பார்த்து, வந்த ட்யூ டேட்டை எழுதி, திருப்பி வாங்குங்கள். அதற்கு முன் வழங்கல் திரையில் ட்யூ டேட்டைக் கையால் குறிக்கும் பெட்டி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். “இந்த அமர்வு முழுதும் நினைவில் வை” என்று யாராவது டிக் செய்து விட்டிருந்தால் 48 கட்டத்திலும் அதே தேதிதான் வரும், விதி எதுவும் பார்க்கப்படாது. விடுமுறை நாட்காட்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பொங்கல் விடுமுறைக்குள் விழும் தேதி தள்ளிப் போனால் அது விதியின் தவறில்லை.

நொய்யல்கரை மீண்டும்:

ஃபைன் கட்டம் நிரப்பியாயிற்று. சர்க்கன்ட்ரோல் பற்றிக் குழுவுக்குக் குறிப்பு எழுதிவிட்டோம், பதில் வரும்வரை மாற்றவில்லை. யூஜி மொத்த வரம்பு 8 போட்டோம், கோவை 3 எடுத்தபின் கோபி 3 எடுக்க முடிகிறது என்பதைச் சோதனை அட்டையில் பார்த்தும்விட்டோம். ஒரு கடைசிக் கேள்வி: பொள்ளாச்சிக்கும் கோபி மாதிரியே 15 நாள் கேட்கிறார்கள். விதிகளை நகலெடுக்கும் கருவி இருக்கிறதே, கோபியிலிருந்து பொள்ளாச்சிக்கு எடுக்கலாமா?

காலிங்கராயன்வாய்க்கால் பதில்:

எடுக்கலாம், ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஏற்கெனவே ஏதாவது வரி இருந்தால் நகலெடுக்கும்போது அவை கேட்காமலே அழிந்துவிடும். முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காலியா என்று பாருங்கள். இரண்டே வரிதான் என்பதால் கையால் போட்டுவிடுவதே மேல். அதோடு, கோவை மட்டும்தான் 14 என்று ஆகிவிட்டால் திருப்பிப் போடுங்கள்: பொதுப் பக்கத்தில் யூஜி, பிஜி பொதுநூலை 15 ஆக்கி, கோபி வரிகளை அழித்து, கோவைக்கு மட்டும் 14 என்று இரண்டு வரி. மொத்த வரிகள் குறையும், கோபிக்கும் பொள்ளாச்சிக்கும் எண்ணிக்கையும் ஒன்றாகவே பார்க்கப்படும்.

நொய்யல்கரை மீண்டும்:

பொள்ளாச்சிப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. திருப்பிப் போடும் வழியையே எடுத்துக்கொள்கிறோமுங்க. கோவை வரிகளில் ஃபைனும் இடைவெளியும் நிரப்பித்தான் சேமிப்போம்.